முழங்காலுக்குச் சற்று மேலே

பாஷையூரில் வள்ளம் ஏறும்போது மணி ஐந்தே முக்கால்.
இருந்த ஒரேயொரு உயிர்காப்பு அங்கியை
திணைக்களத்துக் கருவிக்குப் போர்த்தி
மடியில் வைத்திருந்தேன்.
ஆழம் பார்க்கும் கருவி. விலை அதிகம்.
பிலேந்திரன் சுக்கானைக் காலால் பிடித்தபடி
தொலைபேசியில் யாருக்கோ
"பத்தரைக்கு வந்திடுவன்" என்றான்.
வரவில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்கு.
இரண்டு தசம் ஒன்று. ஒன்று தசம் எட்டு.
எழுதிக்கொண்டே வந்தேன்.
களங்கட்டிக் கம்புகள் வளைந்து வளைந்து போயின,
தண்ணீருக்குள் யாரோ காணி வாங்கி
வேலி அடைத்ததுபோல.
கம்புக்கு ஒரு நீர்க்காகம்,
செட்டையை விரித்துக் காயப்போட்டபடி.

அரியாலைக் கரை மெலிந்து பென்சில் கோடானது.
தெற்கே பூநகரி, இன்னும் அழுத்தி வரையாத கோடு.
பூச்சியம் தசம் ஆறு.
பிறகு திரையில் மூன்று சிறு கோடுகள் மட்டும்.

"என்ன சொல்லுது, சேர்?"
"ஒண்டும் சொல்லேல்ல."
"தண்ணி இல்லையெண்டுதோ?"
"ஆழம் காணாதாம்."
"அதுக்கு உது தேவையில்லையே" என்று
எஞ்சினைத் தூக்கினான்.
விசிறியில் சுற்றியிருந்தது சாதாளை,
பள்ளிக்கூடப் பிள்ளையின் பின்னலளவு தடிப்பில்.

இறங்கினோம்.
ஒரு மணித்தியாலம் வள்ளம் எங்களைக் கொண்டுவந்தது.
இனி நாங்கள் அதை.
"காலைத் தூக்கி வையாதேங்கோ, இழுத்து வையுங்கோ.
திருக்கை கிடக்கும்."
இழுத்தேன்.
மேல் தண்ணீர் ஆறிய தேநீர்,
அடியில் சுரி மட்டும் குளிர்ந்து
விரலிடுக்கால் பிதுங்கியது.
நடுக்கடலில் நிற்கிறேன். சேட்டுப் பையில் பேனை நனையவில்லை.
இதை வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

வெயில் ஏறியது.
தூரத்துப் புகாரென்று நினைத்தது
பூநாரைக் கூட்டம்.
தலைகீழாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.
எங்கே எவ்வளவு தண்ணீரென்று
அவற்றின் கால்களுக்கு
எங்கள் திணைக்களத்தைவிடத் திருத்தமாகத் தெரியும்.

அப்போதுதான் சொன்னான்,
கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டு,
எஞ்சின் விலை பேசுகிற அதே குரலில்:
"அம்மா ஆக்களை ஒரு இரவு
கரைக்கு எட்டத்தில இறக்கி விட்டிட்டாங்களாம்.
மிச்சம் நடைதான். நான் வயித்துக்குள்ள.
அம்மாவுக்கு இடுப்பளவு தண்ணியாம்.
எனக்கு எவ்வளவெண்டு தெரியாது."
சிரித்தான்.
நான் கொப்பியைத் திறந்தேன்.
எந்த நிரலில் எழுதுவதென்று தெரியாமல்
மூடினேன்.

தனங்கிளப்புப் பக்கம் ஒருத்தி
இடுப்பில் பறி கட்டி, குனிந்தபடி,
இரண்டு கையாலும் சேற்றைத் தடவி
இறால் பிடித்துக்கொண்டிருந்தாள்.
நிமிராமலே கேட்டாள்:
"என்னத்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறியள்?"
"ஆழம் பாக்கிறம், அக்கா."
"ஆழமோ? இஞ்சையோ?"
இப்போதுதான் நிமிர்ந்தாள்.
கருவியைப் பார்த்தாள், அதன் அங்கியைப் பார்த்தாள்,
என் காலைப் பார்த்தாள்.
"நீச்சல் தெரியாதோ அதுக்கு?"
பிலேந்திரன் சிரித்த சிரிப்பில்
ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது.
அவள் ஒரு பிடி இறால் தந்தாள். காசு வாங்கவில்லை.
கொண்டுபோக ஏதுமில்லாமல்
தொப்பியில் வாங்கினேன்.

திரும்பும்போது நீர் கொஞ்சம் ஏறியிருந்தது.
திரையில் எண்கள் மறுபடி வந்தன.
நான் எழுதவில்லை.

இரவு காற்சட்டையைக் கொடியில் போடும்போது கண்டேன்:
இரண்டு காலிலும் உப்பு
வெள்ளையாய் ஒரு கோடு இழுத்திருந்தது.
அறிக்கைக்கு ஏதாவது வேண்டுமே.
தையல் பெட்டியிலிருந்து நாடா எடுத்தேன்.
இடது, நாற்பத்தைந்து சதமமீற்றர்.
வலது, ஐம்பத்திரண்டு.

வலது கால் எங்கே புதைந்தது?
கொடியடியில் நாடாவோடு நின்றேன்.
தொப்பி இன்னும் இறால் மணத்தது.